இழையம் ஏன் மாறுகிறது? ருடோல்ப் விர்ச்சோ என்ற வைத்தியரின் கதை

1848 பெப்ரவரியில், 26 வயதான ஒரு வைத்தியர் அரச உத்தரவொன்றுடன் பேர்லினிலிருந்து மேல் சைலீசியாவுக்குப் புறப்பட்டார். அது அன்றைய பிரஷிய இராச்சியத்தின் தென்கிழக்கு மூலை. இன்று போலந்துக்குள் இருக்கிறது. தொடர்ந்து விளைச்சல் பொய்த்து, உருளைக்கிழங்கும் அழுகி, சனம் பட்டினியில் கிடந்த பகுதி. பட்டினிக்குப் பின்னால் தைபஸ் காய்ச்சல் வந்தது. நாங்கள் அறிந்த தைபொயிட் அல்ல. பேனால் பரவும் வேறு நோய். ரிப்னிக், பிளெஸ் மாவட்டங்களில் குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பத்திரிகைகள் எழுதத் தொடங்கிய பிறகுதான் அரசாங்கம் விசாரித்து வர ஆள் அனுப்பியது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ருடோல்ப் விர்ச்சோ.

நோயியல் படிக்கும் எந்த மருத்துவ மாணவருக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். வெண்குருதிப் புற்றுநோய்க்கு லியூக்கேமியா என்று பெயர் வைத்தவர் அவர். காலில் உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் ஆளைக் கொல்லும் என்று காட்டியவர் அவர். உடலின் ஓர் இழையம் தன் இயல்பை விட்டு இன்னோர் இழையமாக மாறிவிடும் நிகழ்வுக்கு மெட்டாபிளேசியா என்ற பெயரைக் கொடுத்தவரும் அவரே. புகைப்பவரின் நுரையீரலில், ஓயாத நெஞ்செரிவு உள்ளவரின் உணவுக்குழாயில், பெண்ணின் கருப்பைக் கழுத்தில் என்று இன்றைக்கும் வைத்தியசாலை அறிக்கைகளில் வரும் சொல் அது. அந்தச் சொல்லை வாசித்துவிட்டுப் பயந்துபோய் வீடு திரும்பும் ஆட்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அதன் பொருளைச் சொல்வதற்கு முன்னால், அதை உருவாக்கிய மனிதரைச் சொல்லவேண்டும். இரண்டும் ஒரே கதைதான் என்பது என் எண்ணம்.

விர்ச்சோ 1821 ஒக்ரோபர் 13ஆம் திகதி பொமரேனியாவின் ஷீபல்பைன் என்ற சிறு பட்டினத்தில் பிறந்தார். ஒரே பிள்ளை. தகப்பன் தோட்டம் செய்தவர். பட்டின நிர்வாகத்தில் கணக்கும் பார்த்தவர். பெரிய வசதி இல்லை. இராணுவத்துக்கு வைத்தியர்களை உருவாக்கும் பேர்லின் நிறுவனம் ஒன்று கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளைச் செலவில்லாமல் படிப்பித்தது. 1839இல் அங்கே சேர்ந்தார். 1843இல் பட்டம். பிறகு பேர்லினின் பெரிய வைத்தியசாலையான ஷாரிட்டேயில் பிரேத பரிசோதனைக் கூடத்தில் வேலை. 25 வயதாக முன்னரே அந்தக் கூடத்துக்குப் பொறுப்பாளர். 1847இல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து சொந்தமாக ஒரு மருத்துவ ஆய்விதழையே தொடங்கிவிட்டார். அது இன்றும் அவருடைய பெயரில் வெளிவருகிறது.

இந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர்தான் சைலீசியாவின் குடிசைகளுக்குள் குனிந்து நுழைந்தார். ஏறத்தாழ மூன்று வாரம் ஊர் ஊராகத் திரிந்தார். வீட்டுக்குள் எத்தனை பேர் படுக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், நிலம் யாருடையது, வரி எவ்வளவு, பள்ளிக்கூடத்தில் என்ன மொழி என்றெல்லாம் விசாரித்தார். பிரேதங்களையும் வெட்டிப் பார்த்தார்.

திரும்பி வந்து அவர் எழுதிய நீண்ட அறிக்கை, அனுப்பியவர்கள் எதிர்பார்த்ததல்ல. இன்ன மருந்து கொடுங்கள், இத்தனை கட்டில் போடுங்கள் என்று எழுதியிருந்தால் அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். விர்ச்சோ எழுதியது வேறு. இந்த மக்களுக்கு முழுச் சனநாயகம் வேண்டும் என்றார். கல்வி வேண்டும் என்றார். ஏழைகளின் மேல் உள்ள வரிச்சுமை பணக்காரரின் மேல் போகவேண்டும், வீதிகள் போடவேண்டும், விவசாயம் திருந்தவேண்டும், பள்ளிக்கூடத்தைத் தேவாலயத்தின் பிடியிலிருந்து விடுவிக்கவேண்டும் என்றார். அங்குள்ள மக்கள் போலிஷ் மொழி பேசுபவர்கள். நிர்வாகமும் சட்டமும் ஜேர்மன் மொழியில். வைத்தியரின் பேச்சு நோயாளிக்கு விளங்காது. நோயாளியின் பேச்சு வைத்தியருக்கு விளங்காது. ஆகவே மக்களின் மொழிக்கு அரச அலுவல்களில் இடம் கொடுக்கவேண்டும் என்பதையும், ஒரு கொள்ளைநோய் பற்றிய மருத்துவ அறிக்கைக்குள்ளேயே அவர் எழுதிவைத்தார்.

ஒரு காய்ச்சலுக்கான பரிந்துரைகளில் தாய்மொழி இடம்பெற்ற வேறோர் ஆவணத்தை நான் வாசித்ததில்லை.

அந்த அறிக்கையைப் புனிதப் பிரதியாக்கத் தேவையில்லை. அதே பக்கங்களில் அந்த மக்களைச் சோம்பேறிகள், அழுக்கானவர்கள், அடிமைப் புத்தியுள்ளவர்கள் என்ற தொனியில் அவர் எழுதிய இடங்களும் உண்டு. தலைநகரத்திலிருந்து போன படித்த மனிதரின் பார்வை அது. நோய் எப்படிப் பரவுகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. தைபஸைக் காவுவது உடல்பேன் என்று 1909இல்தான் பிரெஞ்சு வைத்தியர் சார்ல்ஸ் நிக்கோல் நிறுவினார். ஆனாலும் ஒன்று. பேனைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் விர்ச்சோ கேட்டவை அனைத்தும், அதாவது வயிறாரச் சாப்பாடு, நெரிசலில்லாத வீடு, மாற்றுத்துணி வாங்கக் கையில் காசு, பேனையும் ஒழித்திருக்கும்.

அவர் பேர்லினுக்குத் திரும்பிய அந்த மார்ச் மாதத்திலேயே புரட்சி வெடித்தது. மார்ச் 18ஆம் திகதி வீதியில் தடையரண் கட்டியவர்களில் விர்ச்சோவும் ஒருவர். அந்த ஆண்டு நடுப்பகுதியில் மருத்துவச் சீர்திருத்தத்துக்கென்றே ஒரு வார இதழ் தொடங்கினார். அரசியல் என்பது பெரிய அளவில் செய்யப்படும் மருத்துவமே என்பது அதில் அவர் திரும்பத் திரும்ப முன்வைத்த கருத்து. புரட்சி தோற்றது. 1849 மார்ச் முடிவில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு எதிர்ப்பு எழுந்து, நிபந்தனைகளோடு திருப்பி எடுத்தார்கள். அந்த ஆண்டே அவர் பவேரியாவின் வூட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே தீவிர அரசியல் பேசமாட்டேன் என்று உறுதி கொடுத்த பிறகே பேராசிரியர் பதவி கிடைத்தது. வாய் கட்டப்பட்ட அந்த ஏழு வருடங்களில்தான் அவர் தன் வாழ்வின் பெரிய வேலையைச் செய்தார். அங்கிருக்கும்போதே, 1850இல், பேர்லின் வைத்தியர் ஒருவரின் மகளான ரோஸ் மாயரைத் திருமணம் செய்தார். ஆறு பிள்ளைகள்.

அந்தப் பெரிய வேலை கலத்தைப் பற்றியது. உடலில் உள்ள ஒவ்வொரு கலமும் முன்னிருந்த இன்னொரு கலத்திலிருந்தே பிறக்கிறது. நோய் என்பது வெளியிலிருந்து உடலுக்குள் குடிபுகும் ஒரு பொருளல்ல, வாழும் கலங்களே குழம்பிய நிலைமையில் நடத்தும் வாழ்க்கை என்று அவர் சொன்னார். 1856இல் பேர்லின் அவரைப் பேராசிரியராகத் திருப்பி அழைத்தது. 1858இல் இந்தக் கருத்தை 20 விரிவுரைகளாகப் பேசி, புத்தகமாக்கினார். மருத்துவம் அதற்குப் பிறகு பழைய மருத்துவமாக இருக்கவில்லை.

இதில் ஒரு கடன் உண்டு. கலம் பிரிந்துதான் புதிய கலம் பிறக்கிறது என்பதை விர்ச்சோவுக்கு முன்பே நுணுக்குக்காட்டியில் காட்டியவர் ரொபேர்ட் ரேமாக். போலந்திலிருந்து வந்த யூதர். மதம் மாற மறுத்ததால் பிரஷியாவில் முழுப் பேராசிரியராக முடியாதிருந்தவர். விர்ச்சோ அவருக்குக் கொடுக்கவேண்டிய இடத்தைக் கொடுக்கவில்லை. சிறுபான்மையினரின் மொழிக்காக எழுதிய அதே கைதான் இதையும் செய்தது.

சரி, இழையம் மாறுவது என்றால் என்ன?

எங்கள் மூச்சுக்குழாயின் உட்சுவரை நெடிய கலங்கள் மூடியிருக்கின்றன. அவற்றின் நுனியில் மெல்லிய பிசிர்கள். அந்தப் பிசிர்கள் ஓயாமல் அசைந்து, தூசையும் சளியையும் மேல்நோக்கிக் கூட்டித் தள்ளுகின்றன. அதாவது கையில் விளக்குமாறு உள்ள கலங்கள். ஒருவர் ஆண்டுக்கணக்கில் புகைக்கிறார். சூடும் நஞ்சும் அந்தச் சுவரில் தினமும் படுகின்றன. மென்மையான அந்தக் கலங்களால் தாக்குப்பிடிக்க முடியாது. கொஞ்சக் காலத்தில் அந்த இடத்தில் தட்டையான, அடுக்கடுக்கான, தோலைப் போன்ற கலங்கள் தோன்றுகின்றன. இவை புகையைத் தாங்கும். ஆனால் இவற்றுக்குக் கூட்டத் தெரியாது. சளி தேங்குகிறது, இருமல் நிற்பதில்லை, கிருமி தங்குகிறது.

கடலை விட்டு உள்ளே தள்ளப்பட்ட ஒரு கடற்றொழிலாளியின் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பிழைக்கவேண்டும் என்பதற்காக மேசன் வேலைக்குப் போவார்கள். பிழைத்தும் விடுவார்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வலை விடும் அறிவு அந்த வீட்டிலிருந்து போய்விடும். மூச்சுக்குழாயிலும் நடப்பது இதுதான். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வளர்ந்து முதிர்ந்த கலம் ஒன்று வேடம் மாற்றிக்கொள்வது அரிது என்றே இன்றைய அறிவியல் பெரும்பாலும் கருதுகிறது. அடியில் இருக்கும் மூலக்கலம்தான், மாறிவிட்ட சூழலில், அடுத்துப் பிறக்கும் தலைமுறையை வேறுவிதமாக வளர்த்தெடுக்கிறது.

இந்த மாற்றம் புற்றுநோய் அல்ல. இதை அழுத்திச் சொல்லவேண்டும். காரணம் விலகினால் பல இடங்களில் இழையம் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். புகைப்பதை நிறுத்துவதில் பயன் உண்டு என்று வைத்தியர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் காரணம் விலகாமல் ஆண்டாண்டாகத் தொடர்ந்தால், அந்த மாறிய நிலத்தில் சில கலங்கள் கட்டுப்பாடு இழந்து புற்றாகலாம். வயிற்றமிலம் ஓயாமல் மேலே ஏறினால் உணவுக்குழாயின் கீழ்முனை குடலைப் போல மாறும். அப்படி மாறியவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் புற்று வருவதில்லை; ஆனால் வருபவர்களுக்கு அந்த மாறிய இடத்தில்தான் வருகிறது. ஹெலிக்கோபக்ரர் பைலோரி என்ற பக்றீரியா பல ஆண்டுகள் வயிற்றில் தங்கினால் இரைப்பைச் சுவரும் குடல் போல மாறத் தொடங்கும். கருப்பைக் கழுத்தில் இந்த மாற்றம் ஒவ்வொரு பெண்ணுக்கும் இயல்பாகவே நடக்கிறது. பப்பிலோமா வைரஸ் குறிவைப்பது அந்த மாறும் வலயத்தைத்தான். எங்கள் பகுதிகளில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் 35 வதுப் பெண்களை அழைத்துச் செய்யும் பரிசோதனை அந்த ஒரு சிறு வளையத்தைப் பார்ப்பதற்கே. வெட்கப்பட்டுப் போகாமல் விடுபவர்கள் பலர்.

இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லாமல் விட முடியாது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் சிறுநீர்க் குழாயுடன் வாழ்பவர்களின் சிறுநீர்ப்பைச் சுவரும் இப்படித் தோல் போல மாறலாம். அதனால்தான் சிறுநீரில் இரத்தம் கண்டால் குழாய் உரசியிருக்கும் என்று விட்டுவிடாமல் உடனே காட்டச் சொல்கிறார்கள். மற்றது எலும்பு. விர்ச்சோவின் காலத்து ஜேர்மன் வைத்தியர்கள், துப்பாக்கியின் பிடி நாள்தோறும் இடித்த படைவீரரின் தோள் தசைக்குள் எலும்பு முளைத்திருப்பதைக் கண்டார்கள். பயிற்சி எலும்பு என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். குதிரைப்படையினரின் தொடையில் வளர்ந்ததற்குச் சவாரி எலும்பு என்று பெயர். தசையில், இருக்கக்கூடாத இடத்தில், எலும்பு. வெடிப்பில் கால் இழந்தவர்களின் எஞ்சிய பகுதியில் இப்படி எலும்பு வளர்வது இன்று நன்றாக அறியப்பட்ட விடயம். நேற்றுவரை பொருந்திய செயற்கைக்கால் திடீரென்று குத்தத் தொடங்கினால், கோளாறு காலுறையில் மட்டும்தான் என்று முடிவுகட்ட முடியாது. எக்ஸ்றே ஒன்று எடுத்துப் பார்க்கவேண்டும்.

இழையமாற்றம் பற்றி விர்ச்சோ விரிவாகப் பேசியது 1884இல், கொப்பன்ஹேகனில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டில். அப்போது அவருக்கு 62 வயது. உலகப் புகழ். புற்றுநோய்க்கு வேர் நீண்டகால உறுத்தல் என்பது அவருடைய நெடுநாளைய கொள்கை. அது பெருமளவுக்குச் சரியாகவே நின்றிருக்கிறது. ஆனால் மேலணி இழையத்தில் தோன்றும் புற்று, உண்மையில் இணைப்பிழையக் கலங்கள் மாறியதால் வருகிறது என்றும் அவர் நம்பினார். அது பிழை. மேலணிப் புற்று மேலணியிலிருந்தே பிறக்கிறது என்று கார்ல் தீர்ஷும் வில்ஹெல்ம் வால்டயரும் 1860களிலேயே காட்டியிருந்தார்கள். மாற்றம் எதையும் எதுவாகவும் ஆக்கிவிடாது. அதற்கும் எல்லை உண்டு.

அந்த எல்லை விடயம் அவரை வாழ்க்கையின் மிகச் சங்கடமான கட்டத்துக்குக் கொண்டுபோனது. 1887இல் ஜேர்மனியின் முடிக்குரிய இளவரசர் பிரெடெரிக்கின் குரல் கம்மியது. தொண்டையில் ஒரு வளர்ச்சி. புற்றுநோய், உடனே வெட்டவேண்டும் என்றார்கள் ஜேர்மன் வைத்தியர்கள். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மொறெல் மெக்கன்சி, முதலில் துணுக்கு எடுத்து விர்ச்சோவிடம் அனுப்புவோம் என்றார். விர்ச்சோ பார்த்தார். தொண்டையின் உட்பூச்சு தோல் போலத் தடித்துப்போயிருக்கிறது, புற்று இல்லை என்றார். மீண்டும் துணுக்குகள் போயின. அவற்றிலும் அவர் புற்றைக் காணவில்லை. சத்திரசிகிச்சை கைவிடப்பட்டது.

1888 மார்ச்சில் பிரெடெரிக் பேசமுடியாத நிலையில் பேரரசரானார். 99 நாட்கள் ஆண்டார். ஜூன் 15ஆம் திகதி இறந்தார். உடலைப் பரிசோதித்தவர்களில் விர்ச்சோவும் ஒருவர், பக்கத்தில் வால்டயர். புற்று இருந்தது.

விர்ச்சோ கையில் கிடைத்த துணுக்கைப் பற்றிச் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். மேலே தோல் தடித்திருக்க, அடியில் புற்று ஒளிந்திருக்க முடியும். தான் பார்த்த துண்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதற்குத் தன்னால் பொறுப்புச் சொல்ல முடியாது என்ற எச்சரிக்கையையும் அவர் சேர்த்தே எழுதியிருந்தார். கேட்டவர்கள் காதில் விழுந்தது, இல்லை என்ற சொல் மட்டும். பிரெடெரிக் தாராளவாதிகளின் நம்பிக்கையாக இருந்தவர். அவருக்குப் பின் வந்த மகன் இரண்டாம் வில்ஹெல்மின் ஆட்சியில்தான் 1914 வந்தது. தகப்பன் உயிரோடிருந்தால் எல்லாம் வேறாக இருந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வகைக் கணக்கில் நம்பிக்கை குறைவு.

ஆய்வுகூடத்துக்கு வெளியே விர்ச்சோ செய்தவற்றைச் சொல்லத் தனிக் கட்டுரை வேண்டும். 1859 முதல் சாகும்வரை பேர்லின் மாநகர சபை உறுப்பினர். 1861இல் ஜேர்மன் முற்போக்குக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். நாடாளுமன்றத்தில் பிஸ்மார்க்கின் இராணுவச் செலவை எதிர்த்துப் பேசி, 1865இல் அவரிடமிருந்து துவந்த யுத்தத்துக்கு அழைப்பே வாங்கினார். போகவில்லை. ஆயுதமாகப் புழு உள்ள சொசேஜைத் தெரிவுசெய்தார் என்று ஒரு கதை உலாவுகிறது. நல்ல கதை, ஆனால் ஆதாரமில்லை. பன்றி இறைச்சியில் உள்ள டிரிக்கினெல்லாப் புழுவைப் பற்றி ஆராய்ந்து, இறைச்சிப் பரிசோதனையைச் சட்டமாக்கப் போராடியது மட்டும் உண்மை. பொறியியலாளர் ஹோபிரெக்ட்டுடன் சேர்ந்து பேர்லினுக்குக் கழிவுநீர்க் கால்வாய்கள் கொண்டுவந்தார். ஏழைகளுக்கு மாநகர வைத்தியசாலைகள் எழ உழைத்தார். 1870 போரில் காயக்காரரை ஏற்றிவரும் வைத்தியசாலை ரயில்களை ஒழுங்குபடுத்தினார்.

பிடிவாதமும் அதே அளவுக்குப் பெரியது. பிரசவ விடுதியில் வைத்தியர்கள் கை கழுவினால் தாய்மார் சாகமாட்டார்கள் என்று செம்மெல்வைஸ் காட்டியபோது அவர் அதை ஏற்கவில்லை. ரொபேர்ட் கொக் 1882இல் காசநோய்க் கிருமியைக் காட்டியபோதும் குளிர்ந்த முகத்தோடுதான் இருந்தார். கிருமி ஒன்றே முழுக் காரணம் என்றால் வறுமையை யாரும் பேசமாட்டார்கள் என்ற பயம் அதில் இருந்தது. பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் பிரசவ விடுதியில் செத்த தாய்மாருக்கு உதவவில்லை.

இலங்கையோடும் அவருக்கு ஒரு தொடர்பு இருந்தது. 1881இல், இங்கே கால் வைக்காமலேயே, இலங்கை வேடர்களையும் அவர்களுக்கு அயலிலுள்ள இனங்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த மண்டையோடுகளின் அளவுகள்தான் அவருடைய ஆதாரம். அவை யாருடைய தலைகள், யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்ற கேள்வி அந்தக் காலத்து அளவுகோலில் இல்லை. அதே அளவெடுக்கும் வெறியில் ஜேர்மனியின் 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் முடி, கண், தோல் நிறங்களைக் கணக்கெடுக்க வைத்து, 1886இல் வெளியிட்டார். பொன்முடியும் நீலக்கண்ணும் கொண்ட பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. யூதப் பிள்ளைகளிலும் பொன்முடிக்காரர் இருந்தார்கள். தூய இனம் என்று ஒன்றில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய கணக்கு அன்று எவரிடமும் இருக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கை எடுப்பதற்காக வகுப்பறைகளில் யூதப் பிள்ளைகளை வேறாக எண்ணினார்கள். பிள்ளைகளின் மனதில் நின்றது அறிக்கையின் முடிவா, அல்லது அன்று தனியே எண்ணப்பட்டதா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

1902 ஜனவரி 4ஆம் திகதி, 80 வயதில், பேர்லினின் லைப்சிகர் வீதியில் ஓடிக்கொண்டிருந்த ட்ராம் வண்டியிலிருந்து குதித்து இறங்கினார். தொடையெலும்பு முறிந்தது. அதன்பிறகு அவர் தேறவில்லை. செப்ரெம்பர் 5ஆம் திகதி காலமானார்.

ஷாரிட்டே வளாகத்தில் 1899இல் அவர் திறந்த நோயியல் அரும்பொருளகத்தில் 20,000க்கும் அதிகமான மனித உறுப்புகள் போத்தல்களில் அடுக்கப்பட்டிருந்தன. பொதுமக்களும் வந்து பார்க்கட்டும் என்று கதவைத் திறந்துவிட்டிருந்தார். இரண்டாம் உலகப்போரின் குண்டுகள் அந்தக் கட்டடத்தில் விழுந்தன. சேகரிப்பில் பத்தில் ஒரு பங்களவே தப்பியது. 1998 முதல் அது மருத்துவ வரலாற்று அரும்பொருளகமாக இயங்குகிறது. விரிவுரை மண்டபத்தை மட்டும் பழையபடி கட்டவில்லை. பூச்சில்லாத செங்கல் சுவர்களோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். கூட்டங்கள் அதற்குள் நடக்கின்றன. அவர் பிறந்த ஷீபல்பைன் இன்று போலந்தில் ஷ்விட்வின். ரிப்னிக்கும் பிளெஸ்ஸும் போலந்தில்தான். அங்கே பிள்ளைகள் போலிஷ் மொழியில் படிக்கிறார்கள்.